சிங்கப்பூரில் சீனத் தூரிகை ஓவியம் கற்பிக்கத் தொடங்குபவர்களுக்கு

சீனத் தூரிகை ஓவியத்தைச் சில ஆண்டுகள் முறையாகக் கற்றுவிட்டு, இனி நாமும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் இதற்கான விவரங்கள் ஓரிடத்தில் கிடைக்காது. வேலை அனுமதிக்கு ஓர் அமைச்சு, வரிக்கு ஓர் ஆணையம், அறைக்குச் சமூக மன்றம், காகிதத்துக்குப் பிராஸ் பாசா வட்டாரக் கடைகள் என்று ஏறி இறங்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலையில் பாடம் என்பது ஆசிரியர் மாணவரின் கண்முன் வரைந்து காட்டுவதுதான். மூங்கில் இலையை வாயால் விளக்க முடியாது. தூரிகை நுனி காகிதத்தில் படுவதையும், அழுந்துவதையும், எழும்புவதையும் மாணவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்த அறையை எடுப்பது, எவ்வளவு கட்டணம் கேட்பது என்ற எல்லா முடிவையும் இதை வைத்தே எடுங்கள். வகுப்பு கெட்டுப்போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வரைந்து காட்ட நேரமோ இடமோ இல்லாமல் போனதுதான் அங்கெல்லாம் காரணம்.

தமிழர் சொல்லிக்கொடுத்தால் வருவார்களா என்று பலர் கேட்கிறார்கள். வருவார்கள். பெரியவர்கள் வகுப்பில் பாதிப்பேர் ஆங்கிலத்தில் கேட்கத்தான் விரும்புகிறார்கள். ஆனால் தூரிகை, காகிதம், மை, அடிப்படைக் கோடுகள் இவற்றின் மாண்டரின் பெயர்கள் உங்கள் நாக்கில் இருக்க வேண்டும். மூத்த சீன ஆண்ட்டிகள் முதல் வகுப்பிலேயே அதைக் கவனிப்பார்கள். பெயர் சரியாக வந்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் அவர்களுக்கு ‘லாவ்ஷி’, அதாவது ஆசிரியர்.

1. முதலில் உங்கள் அனுமதி அட்டையைப் பாருங்கள்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தடையில்லை. நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள், அந்த அனுமதி எந்த முதலாளிக்காகத் தரப்பட்டதோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். வார இறுதியில் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பதும் வேலைதான். கணவரோ மனைவியோ இங்கே வேலை பார்ப்பதால் சார்ந்திருப்போர் அட்டையில் வந்தவர்களும் கவனமாக இருங்கள். 2021 மே 1 முதல், அந்த அட்டை வைத்திருப்பவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். ‘தோழிகள் நாலு பேர்தானே, செலவுக்கு மட்டும் வாங்குகிறேன்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. சந்தேகம் இருந்தால் மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள், கோப்பைத் தயார் செய்யுங்கள்

தூரிகை ஓவியம் கற்பிக்க அரசு உரிமம் என்று தனியாக எதுவும் இல்லை. யாரிடம் கற்றீர்கள், எத்தனை காலம் கற்றீர்கள், என்ன வரைகிறீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள். அதனால் முதல் வேலை, உங்கள் ஆசிரியரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்வது. இந்தக் கலையில் மாணவர் ஆசிரியரின் மாதிரியைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் வளர்கிறார். உங்களிடம் இருக்கும் மாதிரிப் படங்களில் பல அவர் கையால் வரைந்தவை. அவற்றை உங்கள் வகுப்பில் பயன்படுத்தலாமா என்று கேட்டுவிடுங்கள். அப்படியே உங்களைப் பற்றி ஒரு பக்கக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். சமூக மன்றத்தில் எந்தச் சான்றிதழை விடவும் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

பெங்கூலன் ஸ்திரீட்டில் இருக்கும் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பகுதிநேரமாகப் படித்திருந்தால் அந்தச் சான்றிதழையும் சேருங்கள். இல்லையென்றால் அதற்காகத் தயங்கி நிற்க வேண்டாம்.

கோப்பில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை நகல், ஆசிரியரின் கடிதம், சான்றிதழ்கள், பன்னிரண்டு ஓவியங்களின் தெளிவான படங்கள், பத்து வாரப் பாடத்திட்டம், ஒரு மூங்கில் கிளையை நீங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை வரையும் மூன்று நிமிடக் காணொளி. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே கொடுங்கள். வகுப்பு ஒதுக்குபவருக்குச் சீன ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வரையும் கையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும்.

பள்ளிகளில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் வழி வேறு. கல்வி அமைச்சிடம் பயிற்றுநராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பல பள்ளிகள் அரசின் ஜீபிஸ் கொள்முதல் தளம் வழியாகத்தான் விலைப்புள்ளி கேட்கும். தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக்கல்வித் திட்டத்தில் இடம்பிடிப்பது இன்னொரு வழி. இவை மெதுவாக நகரும் காரியங்கள். முதல் ஆண்டைப் பெரியவர்களோடு கழித்துவிட்டு அப்புறம் பள்ளிக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.

3. பதிவு, வரி, மெடிசேவ்

உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயரிலேயே கற்பித்தால், தனிநபராக வணிகப் பதிவு செய்யத் தேவையில்லை. ‘மூங்கில் கலைக்கூடம்’ என்பது போல ஒரு பெயர் வைத்தால் வணிகப் பதிவு ஆணையமான அக்ராவில் பதிய வேண்டும். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, ஆக 115. மூன்றாண்டுக்கு என்றால் மொத்தம் 175. கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசின் மின்னணு அடையாளக் கணக்கான சிங்பாஸ் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். தொடக்கத்தில் சொந்தப் பெயரே போதும். பெயர்ப்பலகை மேல் இருக்கும் ஆசையை ஓராண்டு தள்ளிப்போடுங்கள்.

சுயதொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வகுப்புப் பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு, பிறகு ஒரு பெரிய தொகைக்கான கடிதத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

வருமான வரியை இணையத்தில் தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கடைசி நாள். காகிதம், மை, மாதிரிப் படத்துக்கான தூரிகை, வகுப்புக்கு வாங்கிய கம்பளி விரிப்பு எல்லாமே தொழில் செலவு. ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது சீக்கிரம் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

4. இடம்: முதலில் குழாயைப் பாருங்கள்

அறை பார்க்கப் போகும்போது பலரும் வெளிச்சத்தையும் குளிர்சாதனத்தையும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு குடுவைத் தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் மூன்று முறையாவது மாற்றுவார்கள். குழாய் அடுத்த மாடியில் இருந்தால் வகுப்பில் பாதி நேரம் நடப்பதிலேயே போய்விடும். அடுத்து தரை. கம்பள விரிப்புப் போட்ட அறை வேண்டவே வேண்டாம். சீன மை காய்ந்துவிட்டால் கம்பளத்திலிருந்து போகாது, அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். மூன்றாவது, மேசைக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கக் கூடாது. இந்த ஓவியத்துக்கான சீனக் காகிதமான சுவான் லேசானது, காற்றுக்குப் படபடக்கும்.

சமூக மன்றம்தான் தொடங்குவதற்கு நல்ல இடம். அறையும் பதிவு வசதியும் அவர்களிடம் இருக்கின்றன, அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். வகுப்பு தொடங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வகுப்பு ரத்தாகும். முதல் முறை அப்படி ஆனால் மனம் உடைய வேண்டாம். ஒருநாள் அறிமுகப் பட்டறை ஒன்றை நடத்தினால், அதில் வந்தவர்களே அடுத்த பருவத்துக்குச் சேர்வார்கள். முதியோருக்கான துடிப்பான மூப்படைதல் நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள். பகல் நேர வகுப்பு அங்கே நன்றாக ஓடும்.

வீட்டில் நடத்துவதானால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரே நேரத்தில் மூன்று மாணவருக்கு மேல் வைத்துத் துணைப்பாடம் நடத்தக் கூடாது. வாசலில் விளம்பரப் பலகையும் மாட்டக் கூடாது. சொந்தமாக நிலையம் திறந்து பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ கற்பித்தால் கல்வி அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டிவரும்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர்? என் பதில் எட்டு. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் எல்லோருக்கும் தூரிகை நுனி தெரியும். ஒன்பதாவது ஆளுக்கு உங்கள் முழங்கைதான் தெரியும். பதினைந்து பேரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். இரண்டு வகுப்பாகப் பிரித்துத் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

5. கட்டணம்: கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். எட்டுப் பேர், ஆளுக்கு 200 வெள்ளி. வரவு 1,600. இடம் தருபவர் முப்பது விழுக்காடு எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு 1,120. மாதிரிப் படங்களுக்கான காகிதம், மைக்கு 80 போனால் 1,040. கற்பிக்கும் நேரம் 20 மணி, மாதிரி தயாரிக்க 20 மணி, மேசை போட்டுத் துடைத்து எடுத்துவைக்கப் பத்து மணி. ஆக 50 மணி நேர உழைப்புக்கு மணிக்கு சுமார் 20 வெள்ளி. பயண நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கைப் போடாமல் ‘முதல் தடவைதானே’ என்று 100 வெள்ளிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வைத்த கட்டணத்தை அதே இடத்தில் ஏற்றுவது மிகவும் கடினம். பொருள்களுக்கான செலவைக் கட்டணத்தோடு கலக்காமல் தனியாகச் சொல்லுங்கள். அரசின் திறன்மேம்பாட்டு நிதியில் (ஸ்கில்ஸ்ஃபியூச்சர்) கட்டலாமா என்றும் கேட்பார்கள். அந்த நிதியில் அங்கீகரிக்கப்பட்ட பாடமாக இருந்தால்தான் முடியும், வாய்வார்த்தையாக உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

6. பொருள்கள்: எதில் சிக்கனம், எதில் கூடாது

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பிற்பகல் செலவழித்தால் எல்லாமே கிடைக்கும். புதிய மாணவருக்கு 50 முதல் 70 வெள்ளிக்குள் முடிக்கப் பாருங்கள். நான் தரும் பட்டியல் இது.

தூரிகை மூன்று போதும். ஆட்டுமுடியும் விறைப்பான முடியும் கலந்த நடுத்தரத் தூரிகை ஒன்று, அதே வகையில் சிறியது ஒன்று, மூங்கிலுக்கும் ஆர்க்கிட்டுக்கும் ‘லான்ச்சு’ எனப்படும் விறைப்பான தூரிகை ஒன்று. பத்துத் தூரிகை கொண்ட அலங்காரப் பெட்டியை வாங்க விடாதீர்கள். அதில் முடி உதிரும், நுனி சேராது. புதுத் தூரிகையின் முடி பசை போட்டு விறைப்பாக இருக்கும். சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு இளக்க வேண்டும், வெந்நீர் கூடவே கூடாது. கூடவரும் பிளாஸ்டிக் மூடியை அன்றே குப்பையில் போடச் சொல்லுங்கள். ஈரத் தூரிகையை அதற்குள் திணித்தால் முடி மடங்கும், இங்குள்ள புழுக்கத்துக்குப் பூஞ்சையும் பிடிக்கும். கழுவியபின் நுனி கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும், அல்லது படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடிக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

காகிதத்தில் இரண்டு வகை தெரிந்திருந்தால் போதும். மையை உடனே உறிஞ்சிப் பரவவிடும், எதுவும் பூசாத பச்சைச் சுவான், படிகாரமும் பசையும் பூசிய பக்குவச் சுவான். மூங்கில், ஆர்க்கிட், பறவை என்று வேகமாக வரைவதற்கு முதல் வகை, நுணுக்கமான கோட்டு வேலைக்கு இரண்டாம் வகை. கடையில் எதுவும் சொல்லாமல் கேட்டால் ஏதோ ஒன்றைத் தந்துவிடுவார்கள். விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி மாதிரித் தாளின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் உடனே பரவினால் பச்சைச் சுவான். நல்ல சுவான் காகிதம் சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் ஜிங் வட்டாரத்திலிருந்து வருகிறது. நீலச் சந்தனம் எனப்படும் ஒரு மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்கிறார்கள். அதை முடிக்கப்போகும் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு மூங்கில் கூழில் செய்த மஞ்சள் நிற மாவ்பியன் தாளே தாராளம். 69க்கு 138 சென்டிமீட்டர் முழுத்தாளை வாங்கி நான்காக வெட்டிக் கொடுத்தால் செலவு குறையும்.

மை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பள்ளிக்கூட மலிவு மையில் தண்ணீர் கலந்தால் சாம்பல் நிறம் செத்துப்போய்த் தெரியும். 1865இல் பெய்ஜிங்கில் தொடங்கிய யிதெகெ நிறுவனத்தின் புட்டி மை எளிதில் கிடைக்கிறது, நம்பி வாங்கலாம். மைக்கட்டியைக் கல்லில் அரைத்து வரைவதன் சுகம் தனி. ஆனால் அதை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்துக்கு மேரீஸ் நிறுவனத்தின் பன்னிரண்டு நிறக் குழாய்ப் பெட்டி ஒன்று.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மரபான வண்ணங்களில் மஞ்சள் ஒரு மரப்பிசினிலிருந்து வருவது, நச்சுத்தன்மை கொண்டது. சிவப்பு ஒன்று பாதரசம் கலந்த தாதுப்பொடி. முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மேசைக்குக் கம்பளி விரிப்பு, தாளை அழுத்தி வைக்க இரண்டு கனமான பொருள்கள், வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு குடுவை, ஒரு பழைய துண்டு. இவ்வளவுதான்.

7. முதல் பத்து வாரம்

முதல் வாரம் முழுவதும் தண்ணீரும் மையும்தான். கெட்டி டிகாஷனிலிருந்து கடைசித் தண்ணீர்க் காப்பி வரை போவதுபோல ஒரே மையில் ஐந்து அடர்த்தி எடுக்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டு முதல் நான்காம் வாரம் வரை மூங்கில், ஐந்தும் ஆறும் ஆர்க்கிட், ஏழும் எட்டும் பிளம் மலர், ஒன்பதாம் வாரம் ஒரு சிறு பறவை, பத்தாம் வாரம் முழுப் படம். செவ்வந்தியை நான் முதல் பருவத்தில் வைப்பதில்லை. இதழ்களை எண்ணிக்கொண்டே இருந்து தூரிகையின் ஓட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

‘குரங்கு எப்போது வரைவோம், லாவ்ஷி?’ என்ற கேள்வி எப்படியும் வரும். 1999இல் வெளிவந்த 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். அதில் இருப்பது சிங்கப்பூர் ஓவியர் சென் வென் ஷி வரைந்த கிப்பன் குரங்குகள். வீட்டில் கிப்பன்களை வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர். அந்த நோட்டை வகுப்பிலேயே எடுத்து, ரோமம் எங்கே ஈரமான தூரிகையால் வந்திருக்கிறது, எங்கே உலர்ந்த தூரிகையால் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட எளிதாகக் கையில் கிடைக்கும் பாடப்படம் இந்த ஊரில் இல்லை.

8. வகுப்பு நாள்

நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். விரிப்பு, தண்ணீர், தட்டு எல்லாம் வைத்தபின் உங்கள் தூரிகையை நனைத்து இரண்டு தாள் வெறும் கோடாகப் போடுங்கள். கை சூடாகாமல் மாணவர் முன் முதல் கோட்டைப் போட்டால் அது நடுங்கும்.

இரண்டு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். இருபது நிமிடம் முன்மேசையில் வரைந்து காட்டுவது. மாணவர்கள் எதிரில் நிற்கக் கூடாது, எல்லாம் தலைகீழாகத் தெரியும். உங்கள் பக்கவாட்டிலும் தோளுக்குப் பின்னாலும் நிற்கட்டும். இடக்கையால் வரைபவர் இருந்தால் அவரை உங்கள் இடப்பக்கம் நிறுத்துங்கள். கைபேசியில் படம் பிடிக்க ஒருமுறை மட்டும் அனுமதி. எல்லாவற்றையும் திரை வழியாகவே பார்ப்பவர் மையின் ஈரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த எண்பது நிமிடம் அவர்கள் வரைவார்கள், நீங்கள் மேசை மேசையாகப் போவீர்கள். கடைசி இருபது நிமிடம் எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டிப் பார்ப்பது, கழுவுவது.

மேசைக்குப் போனதும் குறை சொல்லத் தொடங்காதீர்கள். அவர் தாளின் ஓரத்தில் ஒரே ஓர் இலை போட்டுக் காட்டுங்கள். தூரிகை முழுவதும் வெளிறிய மை, நுனியில் மட்டும் கறுப்பு. வைத்து, அழுத்தி, இழுத்து, எடுக்க வேண்டும். அதே தூரிகையை அவர் கையில் கொடுங்கள். இருபது இலை தடித்தடியாக வரும். இருபத்தோராவது இலை காற்றில் அசைவதுபோல நுனி மெலிந்து வந்து நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். நான் இந்த வேலையை விடாமல் இருப்பது அந்த முகத்துக்காகத்தான்.

சீன எழுத்துக்கலை வகுப்புகளில், நன்றாக வந்த எழுத்துக்கு ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடும் வழக்கம் உண்டு. நான் அதை இலைகளுக்கும் போடுகிறேன். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் தங்களுக்கு எத்தனை வட்டம் விழுந்தது என்று எண்ணிப் பக்கத்து மேசையோடு ஒப்பிடுவார்கள். தப்பான இடத்தைச் சுட்டுவதைவிட நல்ல இடத்தைச் சுட்டுவதில் அவர்கள் வேகமாகக் கற்கிறார்கள்.

என் வகுப்பில் எழுபது தாண்டிய ஓர் ஆண்ட்டிக்குக் கைநடுக்கம். மூங்கில் தண்டு நேராக வரவில்லை என்று வருத்தப்பட்டு நின்றுவிட இருந்தார். பிளம் மரத்தின் வயதான கிளைக்கு அவரை மாற்றினேன். மையை நன்றாக உலர்த்திய தூரிகையைக் கொடுத்து, நடுக்கத்தோடேயே மெல்லத் தள்ளச் சொன்னேன். பட்டை வெடித்த, முண்டும் முடிச்சுமான ஒரு கிளை தாளில் வந்தது. எனக்கு அப்படி ஒரு கிளை வராது. மறுவாரமே அவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து பெயர் கொடுத்தார். கைநடுக்கம், மூட்டுவலி உள்ளவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். எந்தக் கைக்கு எந்தப் பொருள் என்று தேடுவதும் உங்கள் வேலையில் சேரும்.

வகுப்பு முடிந்தபின் உணவங்காடியில் ஒரு கோப்பி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த பருவத்துக்கு யார் வருவார், யாருக்குக் கட்டணம் சிரமம், யாருக்கு எது புரியவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இரவில் வாட்ஸ்அப்பில் மூங்கில் படங்கள் வந்து குவியும். பதில் சொல்லும் நேரம் இது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாயிறு மாலை மட்டும் பார்க்கிறேன்.

9. பணம்

பல இடங்களில் பருவம் முடிந்தபின்தான் பணம் வரும். முதல் மூன்று, நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எத்தனை வகுப்பு, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் தருவார்கள், வகுப்பு ரத்தானால் என்ன, மாதிரிப் படங்கள் யாருக்குச் சொந்தம் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓர் ஏற்பாட்டாளர் எனக்குத் தரவேண்டியதை மாதக்கணக்கில் இழுத்தபோது, மின்னஞ்சலில் இருந்த தேதிதான் கைகொடுத்தது. அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

தனி மாணவர்களிடம் பருவக் கட்டணத்தை முன்கூட்டியே பேநவ் எனும் வங்கிப் பணமாற்று வழியாக வாங்குங்கள். வாராவாரம் கை நீட்டுவது இருவருக்கும் சங்கடம்.

10. ஆண்டு ஓட்டமும் கண்காட்சியும்

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய ஆறு வாரம்தான் உங்களுக்கு அதிக வேலை. அந்த ஆண்டின் விலங்கை வரையும் ஒருநாள் பட்டறைக்கு எல்லோரும் கூப்பிடுவார்கள். 2026 குதிரை, 2027 ஆடு. 2027 புத்தாண்டு பிப்ரவரி 6இல் வருவதால், மாதிரிகளும் விலையும் முந்தைய நவம்பருக்குள் தயாராக இருக்க வேண்டும். டிசம்பரில் கேட்பவருக்குக் கொடுக்க உங்களிடம் நாள் இருக்காது. பள்ளி விடுமுறையான ஜூனிலும் டிசம்பரிலும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் பருவத்தைத் தொடங்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை சமூக மன்றக் கூடத்தில் மாணவர்களின் படங்களை மாட்டுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே படங்களை ஒட்டக் கொடுக்க வேண்டும். சுவான் தாள் மை பட்டதும் சுருங்கி அலை அலையாக நிற்கும். பின்னால் இன்னொரு தாளை மாவுப்பசையால் ஒட்டி, பலகையில் இழுத்துக் காயவைத்தால்தான் நேராகும். இதற்கென்று ஆட்கள் பிராஸ் பாசா பக்கம் இருக்கிறார்கள். சாதாரணச் சட்டகக் கடையில் கொடுத்தால் பசை நாடா போட்டுவிடுவார்கள், படம் போச்சு. கொடுக்கும் முன், அது புட்டி மையா, அரைத்த மையா என்று சொல்லிவிடுங்கள். சில மைகள் ஈரம் பட்டதும் கசியும் என்பதால் அதற்குத் தக்கபடி அவர்கள் கவனமாக ஒட்டுவார்கள்.

படத்துக்குச் சிவப்பு முத்திரை வேண்டும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கல்முத்திரை செதுக்கச் சொல்லிப் பருவம் முடியும்போது கொடுங்கள். பெயர் சீன எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்னுடையது தமிழில்தான் இருக்கிறது. செதுக்குபவருக்கு எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, கல்லில் இடம்வலம் மாறித்தான் வரவேண்டும் என்று அவர் வரைந்து காட்டும் மாதிரியை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். தமிழ் தெரியாதவர் செதுக்கும்போது சுழியும் காலும் இடம் மாறிவிடும். குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

கண்காட்சி முடிந்து படத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும்போது, வெயில் நேராகப் படும் சுவரிலும் சமையலறைச் சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். சட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக நாலு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் பூஞ்சை பிடிக்காது.